ஒரு கட்டை தள்ளி

பாட்டுப் படிப்பு என்றால் ஊரில் எல்லாருக்கும் ஓர் இளக்காரம். இன்ஜினியரிங் படிக்கிற பையனைப் பார்த்தால், பாவம், ரொம்பக் கஷ்டமா என்று விசாரிப்பார்கள். இசைக் கல்லூரியில் படிக்கிற பெண்ணைப் பார்த்தால், உனக்கென்னம்மா, ஜாலிதான் என்பார்கள். அப்படிச் சொல்கிற ஒவ்வொருவரையும் பிடித்துக்கொண்டு போய் அந்தக் கல்லூரியின் கீழ்த்தளத்தில் ஒரு வாரம் அடைத்துப் போட வேண்டும் என்பது என் கட்சி. அங்கே ஜன்னல் இல்லாத பயிற்சி அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பியானோ, ஒரு ஸ்டூல், சுவரில் யாரோ பென்சிலால் கிறுக்கி வைத்த வசவு. காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வந்து நிற்காவிட்டால் அறை கிடைக்காது. கிடைத்தாலும் இந்தப் பக்கம் ஒருவன் டிரம்பெட் ஊதிக்கொண்டிருப்பான், அந்தப் பக்கம் ஒருத்தி ஒரே வரியை விடிந்ததிலிருந்து பாடிக்கொண்டிருப்பாள். நடுவில் உட்கார்ந்து உன் பாடம் உன் காதில் விழ வேண்டும். மணிக்கட்டு வீங்கித் துணியைச் சுற்றிக்கொண்டு வாசிக்கிறவர்கள் உண்டு. உதடு வெடித்தும் விடாமல் ஊதுகிறவர்கள் உண்டு. ஜாலியாம், ஜாலி.

ஆனால் நம்முடைய கதையில் வரும் பெண்ணுக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. சின்ன வீட்டில் நாலு பக்கமும் சத்தத்தோடு வளர்ந்தவள். வரிசையில் நிற்பதும் பழக்கம்தான். அவளுக்கு வந்த கஷ்டம் வேறு.

வீட்டில் அவளுக்குப் பேர் பாம்புக்காது. அப்பா வைத்த பேர். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது பியானோவில் எந்தக் கட்டை என்று யோசிக்காமல் சொல்லிவிடுவாள். அழைப்பு மணி அடித்தால் ஒரு பேர், மாடிப்படிக் கதவு கிறீச்சிட்டால் ஒரு பேர், கெட்டிலில் தண்ணீர் கொதித்தால் ஒரு பேர். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நமக்குச் சிவப்பு சிவப்பாகத் தெரிகிற மாதிரி அவளுக்குச் 'சி' என்கிற ஸ்வரம் சியாகக் கேட்டது, அவ்வளவுதான். அப்பா இதைச் சொல்லித் தம்பட்டம் அடிக்காத இடமே கிடையாது. அவர் வீடு மாற்றிக் கொடுக்கிற லாரியில் வேலை பார்க்கிறவர். பீரோ, கட்டில், பிரிட்ஜ் என்று ஊரார் சாமான்களையெல்லாம் தோளில் சுமந்து படியேற்றி இறக்குகிற தொழில். எந்த வீட்டுக்குச் சாமான் ஏற்றப் போனாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு மகளுடைய காதைப் பற்றி ஒரு பாட்டம் சொல்லிவிட்டுத்தான் கயிற்றையே அவிழ்ப்பார்.

பியானோ வந்ததும் அந்தத் தொழிலால்தான். யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது, பழசு, வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போன பியானோ. அப்பாவும் கூட வேலை பார்க்கிறவர்களும் அதை இரண்டாவது மாடிக்குத் தூக்கி வந்த கதையை அந்தக் கட்டடத்தில் தெரியாதவர்கள் இல்லை. படி திரும்புகிற இடத்தில் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்து போன குழி இன்னும் இருக்கிறது. அதைப் பூசவே கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நடுவில் இருக்கும் 'சி' கட்டையின் ஓரம் மட்டும் லேசாக உடைந்திருந்தது. அப்போது அவள் நடை பழகி முடித்த குழந்தை. முதலில் தொட்டதே அந்த உடைந்த கட்டையைத்தான், விரலுக்குச் சுருக்கென்று பட்டதால் திரும்பத் திரும்பத் தொட்டாள் என்று அம்மா சொல்வாள்.

அப்புறம் வளர்ந்தாள், வாசித்தாள். சாயங்காலம் அவள் வாசிக்க உட்கார்ந்தால் கீழ்வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள். அதுவே ஒரு பெரிய மரியாதை. அப்பாவுக்குப் பிடித்தது மெதுவாகப் போகிற ஒரு மெட்டு. வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து, "அதை வாசிடா கண்ணு" என்பார். பாதியிலேயே குறட்டை வந்துவிடும். நிறுத்தினால் விழித்துக்கொண்டு, ஏன் நிறுத்திட்ட என்பார்.

இசைக் கல்லூரியில் சேருவதற்கான தேர்வில் ஒன்றும் தெரியவரவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார்கள், வாசித்தாள். பரீட்சை ஹாலில் இருந்த பெரிய பியானோ அவள் காதுக்குக் கொஞ்சம் விபரீதமாகத்தான் கேட்டது. ஹால் பெரியது, பயம் வேறு, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விரல் பழகிய பாதையில் தானாகப் போயிற்று. அவர்கள் வாசித்ததைத் திருப்பிப் பாடச் சொன்னார்கள், அச்சுப் பிசகாமல் பாடினாள். இடம் கிடைத்தது. அப்பா லாரியில் ஒரு பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் அவளை உட்கார வைத்துக் கொண்டுபோய்க் கல்லூரி விடுதியில் இறக்கிவிட்டார்.

முதல் வாரத்திலேயே விபரீதம் ஆரம்பித்தது. காது வகுப்பு என்று ஒன்று உண்டு. டீச்சர் பியானோவில் ஒரு மெட்டை வாசிப்பார், கேட்டு அதைத் தாளில் எழுத வேண்டும். இந்த டீச்சருக்கு மாணவர்கள் வைத்த பேர் தராசு. அரை மார்க்கைக்கூட எடை போட்டுத்தான் தருவார், ஆனால் ஒருத்தருக்கும் அநியாயம் செய்ய மாட்டார். அன்றைக்குத் தராசு வாசித்தது குழந்தைகளுக்குக் கற்றுத்தருகிற மாதிரி எளிய மெட்டு. வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான். மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது பாம்புக்காது மளமளவென்று எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். தாளைப் பார்த்த தராசின் புருவம் மேலே போயிற்று. தாளில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளாக இருந்தன. எல்லாமே ஒரு கட்டை வலப்பக்கம் தள்ளி.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பதினெட்டு வயதுத் திமிர், அப்பா ஏற்றி வைத்த தம்பட்டம் வேறு. எழுந்து நின்று, இந்தப் பியானோவில் சுருதி தப்பாக இருக்கிறது, ஒரு கட்டை ஏறியிருக்கிறது, யாரையாவது கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லுங்கள் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

தராசு சிரிக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்ன இரும்புக் கவையை எடுத்தார். சுருதி சேர்க்கிறவர்கள் வைத்திருப்பது. தட்டினால் 'ஏ' என்ற ஒரே ஓசையைத்தான் தரும், உலகத்தில் எங்கே வாங்கினாலும் அதே ஓசை. முழங்காலில் தட்டி அவள் காதருகே பிடித்தார்.

"இது என்ன?"

அவள் காதில் அது 'ஏ' இல்லை. அதற்கு அடுத்த கறுப்புக் கட்டை. அதில் சந்தேகமே கிடையாது, தன் பேரைப் போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அவள் கவையையே பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. தராசுக்குப் புரிந்துவிட்டது. கவையை மறுபடி டிராயரில் போட்டுவிட்டு, உங்கள் வீட்டில் பியானோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானமே கீழ்த்தளத்து அறை ஒன்றில் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. பியானோவில் ஓரம் உடைந்த கட்டை இருக்கிறதல்லவா, போனைப் பக்கத்தில் வைத்து அதை அழுத்தும்மா என்றாள். அம்மா அழுத்தினாள். போனில் வந்தது அவள் பிறந்து வளர்ந்த 'சி'. இந்தப் பக்கம் கல்லூரிப் பியானோவில் அதே கட்டையைத் தானும் அழுத்தினாள். வேறு ஓசை. இன்னொரு தடவை அழுத்தச் சொன்னாள். வேறு ஓசைதான்.

"என்னம்மா, சத்தம் கேக்குதா இல்லையா?" என்றாள் அம்மா.

கேட்கிறது என்று சொன்னாள். அப்புறம் மெதுவாக விசாரித்ததில் கதை வெளியே வந்தது. பியானோ வந்த புதிதில் சுருதி சேர்க்கிறவர் ஒருவரை அப்பா கூட்டிவந்தாராம். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கம்பியெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது, முழுசாக இழுத்தால் பட்பட்டென்று அறுந்துவிடும், எல்லாக் கம்பியையும் ஒரே அளவு ஒரு கட்டை கீழே இறக்கி வைத்துவிடுகிறேன் என்றாராம். தன்னளவில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், தனியாக வாசிக்கிற வீட்டுக்கு யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றாராம். உங்களுக்குத் தெரியாததா என்று அப்பா சொல்லிவிட்டாராம். அப்பாவுக்கு என்ன தெரியும்? சுமக்கிறவருக்கு அதன் எடை தெரியும். அந்தச் சுருதிக்காரர் மேலும் குற்றமில்லை, அந்த வீட்டில் இப்படி ஒரு காது ஓடியாடிக்கொண்டிருக்கும் என்று அவர் கண்டாரா?

"அப்பாகிட்ட சொல்லாதம்மா," என்றாள். அம்மா எதற்கு என்று கேட்கவில்லை. சொல்லவில்லை, போதுமா என்றாள்.

ஒரு தெருவில் உள்ள வீட்டு எண்களையெல்லாம் ஒரு வீடு தள்ளி மாட்டிவிட்டு உங்களைத் தபால் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அவள் பாடு அதுதான். சாதாரணக் காதுக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. அவர்கள் ஒரு ஓசைக்கும் அடுத்த ஓசைக்கும் உள்ள தூரத்தைத்தான் கேட்கிறார்கள், எங்கே ஆரம்பித்தாலும் தூரம் ஒன்றுதான். இவளுக்கோ ஒவ்வொரு ஓசையும் பேரோடு வந்து நின்றது, அதுவும் தப்பான பேரோடு. தாளைப் பார்த்து வாசிக்கும்போது கண் ஒரு கட்டையைச் சொல்லும், விரல் அதை அழுத்தும், காது இன்னொன்றைச் சொல்லும். ஒருத்தி காதருகே உட்கார்ந்து நீ படிக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் வேறு வார்த்தை சொல்லிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நேரம் படிப்பாய்? குழுப்பாட்டு வகுப்பில் இன்னும் மோசம். தாளில் உள்ளதைப் பார்த்துப் பாடினால் அவள் குரல் மட்டும் ஒரு கட்டை கீழே போய்ப் பக்கத்தில் நிற்பவர்களை இழுத்துக்கொண்டு விழும். நாளடைவில் வாயை மட்டும் அசைத்துவிட்டு வர ஆரம்பித்தாள்.

விடுதியில் கூடத் தங்கியிருந்தவள் புல்லாங்குழல் படிக்கிறவள். குழல்காரி என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். வாயாடி, ஆனால் தங்கமான பெண். தினமும் தன் பயிற்சியை முடித்துவிட்டு வந்து இவளுக்காக ஏதாவது மெட்டை ஊதுவாள், இவள் எழுதுவாள். வழி கண்டுபிடித்தவளும் அவள்தான்.

"உன் காது ஒரு கட்டை ஏத்திச் சொல்லுது, அவ்வளவுதானே? எதைச் சொன்னாலும் ஒண்ணு கழிச்சுட்டு எழுதுடி. கடிகாரம் வேகமா ஓடினா நாம கழிச்சுக்கிறதில்லையா?"

கழிக்க ஆரம்பித்தாள். காது சொல்வதைக் கேட்டு, ஒரு கட்டை இடப்பக்கம் தள்ளி எழுது. மெதுவான மெட்டுக்கு இது சரியாகவே வந்தது. வேகம் கூடினால் கழிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், அதைப் பிடிப்பதற்குள் அதற்கடுத்தது. பாதித் தாளோடு உட்கார்ந்திருப்பாள். பரீட்சையிலும் அப்படித்தான் ஆயிற்று. வாசிப்பில் நல்ல மார்க். காது வகுப்பில் தோல்வி.

தராசு கூப்பிட்டுப் பேசினார். கல்லூரியின் சட்டம் அவளுக்கும் தெரியும். காது பரீட்சையில் ஒரு தடவை தோற்றால் அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம். அதிலும் தோற்றால் இடம் போய்விடும், வாசிப்பில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. இப்படிப்பட்ட காது சில பேருக்கு வயது ஆக ஆகத் தானாக நகர்வது உண்டு, உனக்கும் நகரலாம், அதுவரைக்கும் வீட்டுப் பியானோவைத் தொடாமல் இருந்து பார் என்றார் தராசு. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

தொடாமல் இருப்பதாவது! லீவுக்கு வீட்டுக்குப் போனால் அப்பா சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுவார். எப்படித் தொடாமல் இருக்க முடியும்? தொட்டதும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. விரல் அழுத்தியது ஒன்று, காது கேட்டது அதே ஒன்று. பல மாதம் கழித்து முதல் தடவையாகத் தலைக்குள் யாரும் பேசவில்லை. அந்த லீவு முழுக்க ஆசை தீர வாசித்தாள். திரும்பிக் கல்லூரிக்குப் போனால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான், எல்லாவற்றையும் முதலிலிருந்து கழிக்க வேண்டியிருந்தது. ஆகவே அடுத்த லீவுக்குக் கச்சேரிப் பயிற்சி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு விடுதியிலேயே கிடந்தாள். அதற்கடுத்த லீவுக்கும் ஒரு பொய். அப்பா போனில், பெரிய ஆளாயிட்ட, நல்லா வாசி என்பார். அம்மா மட்டும் பின்னாலிருந்து, இப்பவும் தடுமாறுதா என்று கிசுகிசுப்பாள்.

இரண்டாவது வருஷம் பாதி தாண்டியபோது ஒரு விஷயம் நடந்தது. ஒரு நாள் காலையில் பயிற்சி அறையில் உட்கார்ந்து 'சி' கட்டையை அழுத்தினாள். அது 'சி' என்று கேட்டது. திடுக்கிட்டு மறுபடி அழுத்தினாள். அடுத்த கட்டையாகக் கேட்டது. இன்னொரு தரம் அழுத்தினாள், சி. காது நகர ஆரம்பித்திருந்தது. குழல்காரியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவள் இவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். இருவரும் அன்று வகுப்புக்கே போகாமல் வெளியே சுற்றிவிட்டு வந்தார்கள். அந்த இரண்டு வருஷத்தில் சந்தோஷமாக இருந்த நாள் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

அது சந்தோஷம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முழுசாகத் தப்பான காது என்றால் எவ்வளவு தப்பு என்றாவது தெரியும், கழித்துக்கொள்ளலாம். இப்போது சில நேரம் சரியாகக் கேட்டது, சில நேரம் தள்ளிக் கேட்டது. களைத்திருந்தால் ஒரு மாதிரி, தூங்கி எழுந்தால் வேறு மாதிரி. ஒரே மெட்டுக்குள்ளேயே பாதி வழியில் நழுவும். எது கழிக்க வேண்டியது, எது கழிக்கக் கூடாதது என்று சொல்லும் ஆள் உள்ளே யாரும் இல்லை. குழல்காரி ஊதிக்கொண்டே இருந்தாள், இவள் எழுதி எழுதிக் கிழித்தாள். ஒருநாள் விடுதி வாசலில் சைக்கிள் மணி அடித்தது. சும்மா விளையாட்டாக, அது என்ன சொல்லு என்று குழல்காரி கேட்டாள். இவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. குழந்தையிலிருந்து அவளுக்கு அப்படி ஒரு நிமிஷம் வந்ததே கிடையாது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பரீட்சை நாள் வந்தது. வெயில் நன்றாக அடிக்கிற காலை. ஹாலில் ஆளுக்கு ஒரு மேஜை. தராசு மெட்டை வாசித்தார். முதல் வரி அவளுக்குச் சரியாகக் கேட்ட மாதிரி இருந்தது, அப்படியே எழுதினாள். இரண்டாவது வரியில் சந்தேகம் வந்தது, கழித்து எழுதினாள். மூன்றாவது வரியில், அப்படியானால் முதல் வரியையும் கழித்திருக்க வேண்டுமோ என்று தோன்ற, போய் அதைத் திருத்தினாள். அதற்குள் நாலாவது வரி போய்விட்டது. கடைசியில் கையில் இருந்த தாளில் சில இடம் ஒரு கட்டை ஏறியும் சில இடம் ஒரு கட்டை இறங்கியும் இருந்தது. முதலில் அழித்த வரிதான் சரியானது என்று பிறகு தெரிந்தது.

தராசு முடிவைத் தானே கூப்பிட்டுச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. உன் கையைப் போல ஒரு கையை நான் இந்த வகுப்பில் பார்த்ததில்லை, ஆனால் சட்டத்தை நான் போடவில்லை என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நம்முடைய பெண் நன்றி டீச்சர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எதற்கு நன்றி என்று அவளுக்கே விளங்கவில்லை. பெட்டியைக் கட்டும்போது குழல்காரிதான் அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க அவள் நினைத்தது ஒன்றே ஒன்று. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுகூட அப்புறம். முதலில் போய் அந்த உடைந்த கட்டையைத் தொட வேண்டும். அது சி என்று காதில் விழ வேண்டும். உலகத்தில் ஒரு பியானோவாவது தன்னோடு பொய் பேசாமல் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், பிறகு வருவது வரட்டும். குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தாவது பிழைத்துக்கொள்ளலாம். பழைய காது உள்ளே செத்துவிட்டதா உயிரோடு இருக்கிறதா என்பது அங்கே தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

படி திரும்புகிற இடத்தில் சுவரின் குழியைத் தடவிக்கொண்டே ஏறினாள். கதவைத் திறந்த அப்பா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். அம்மா பின்னால் நின்று என்னவோ சைகை காட்டினாள். பியானோ மேல் ஒரு புதுத் துணி விரித்திருந்தது. பெட்டியைக் கீழே வைக்கவிடாமல் அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"அம்மா எல்லாம் சொல்லிட்டா. பியானோ கொஞ்சம் இறங்கியிருக்காமே, லீவுக்கு வந்தா உனக்குத் தடுமாறுதாமே? இதை முதல்லயே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

சுருதிக்காரர் தன் பட்டறையை வேறு இடத்துக்கு மாற்றினாராம். அப்பாவும் கூட்டாளிகளும் அவருடைய பியானோக்களையெல்லாம் கூலி வாங்காமல் தூக்கிக் கொடுத்தார்களாம். அதற்குப் பதிலாக அவர் வந்து துருப்பிடித்த கம்பிகளை எல்லாம் பிடுங்கிப் போட்டு, ஒவ்வொரு கட்டைக்கும் புதுக்கம்பி மாட்டி, நாள் விட்டு நாள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சுருதி சேர்த்துக் கொடுத்தாராம். கம்பி சுற்றியிருந்த பழைய ஆணிகளைக் கழற்றும் வேலை முழுக்க அப்பாவுடையது. உள்ளங்கையில் அதற்கான காய்ப்பு இன்னும் இருந்தது, விரித்துக் காட்டினார். சுருதிக்காரர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி வைத்துச் சரிபார்த்தாராம், இம்மி பிசகவில்லையாம்.

"இனிமே உங்க காலேஜ் பியானோவும் நம்ம பியானோவும் ஒண்ணுதான். வாசி."

அவள் துணியை விலக்கி மூடியைத் திறந்தாள். ஓரம் உடைந்த கட்டை அப்படியே இருந்தது. விரலை வைத்து அழுத்தினாள்.

புதுக்கம்பியின் ஓசை, கணீரென்று. அது சியாகவும் இருந்தது, அடுத்த கட்டையாகவும் இருந்தது. மறுபடி அழுத்தினாள். கீழ்த்தளத்து அறையில் கேட்ட அதே சத்தம். பழைய காது உள்ளே இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல இனி உலகத்தில் எந்தப் பியானோவும் இல்லை.

எதற்கு ஸ்வரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், நம்ம பாட்டை வாசி என்று அப்பா நாற்காலியில் சாய்ந்தார். சட்டையைக் கழற்றவில்லை. அவள் அந்த மெதுவான மெட்டைத் தொடங்கினாள். நாலு ஸ்வரத்துக்கு மேல் கேட்கத் தாங்கவில்லை. அந்தப் பாட்டு இப்படி இருந்ததே இல்லை. நிறுத்திவிட்டு, கையை ஒரு கட்டை இடப்பக்கம் தள்ளி வைத்து மறுபடி தொடங்கினாள். அப்படி வாசித்தால் பழைய சத்தம் வரும். வந்தது, ஒரு கணம் வந்தது. ஆனால் விரல்களுக்கு அந்த இடம் பழக்கமில்லை. வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. தடுக்கி, திரும்பத் தொடங்கி, மறுபடி தடுக்கினாள். சின்னக் குழந்தை வாசிக்கிற மாதிரி இருந்தது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னம்மா, இது மறந்துபோச்சா?"

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பரீட்சையில ஃபெயிலாயிட்டேன்ப்பா. காலேஜ்ல இடம் போயிடுச்சு. இனிமே போக முடியாது."

சமையலறை வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதனாலயா? இது இறங்கியிருந்ததாலயா?"

அவர் முகத்தைப் பார்த்தாள். தோளிலிருந்து கழுத்து வரை கயிறு அழுத்திய தழும்பு சட்டைக் காலருக்கு மேல் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷர் அப்படியே உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்லப்பா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நான்தான் ஒழுங்காப் படிக்கலை."

அப்பா பெருமூச்சு விட்டார். அவர் தோள் இறங்கியதை அவள் பார்த்தாள், அதில் ஒரு நிம்மதி இருந்ததையும் பார்த்தாள். பிறகு அவர் எழுந்து பியானோவின் மூடியை மெதுவாக இறக்கி மூடினார். புதுத் துணியை எடுத்து அதன் மேல் விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டார். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"உனக்கு நாங்க என்னம்மா குறை வச்சோம்?" என்றார்.

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, ஒரு குறையும் வைக்கலப்பா என்றாள். வாசலில் யாரோ அழைப்பு மணியை அடித்தார்கள். மகள் வந்துவிட்டாளா, இன்றைக்கு வாசிப்பாளா என்று கேட்கக் கீழ்வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பயணக் களைப்பு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி அப்பா அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மணி அடித்த ஓசை எந்தக் கட்டை என்று அவள் யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.